ஐந்தாவது பாட்டு

1955 மார்ச் 3, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. அரிசி வடாம், இரண்டாம் ஈடு. காக்கைக்குக் கறுப்புக் குடை விரித்தாயிற்று. வற்றல் மிளகாய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்குத் தபால்காரர். பார்சல். பாரிஸிலிருந்து.

சதுரமாக, தட்டையாக, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் எந்த ஊரிலோ பிரித்துப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முடிச்சு வேறு ஆள் போட்டது என்று பார்த்தாலே தெரிகிறது.

மரகதம். காரைக்கால் கன்னிமாடப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பெயர் மர்கெரித். மரகதம் ஆக்கியது நான். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், என் அப்பா பிரெஞ்சுக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நாற்பத்தாறில் நான் கல்யாணமாகி இங்கே மலையாள நாட்டில் ஸ்ரீவராகத்துக்கு வந்தேன், அவள் சைகோனுக்குக் கப்பல் ஏறினாள். பிறகு பாரிஸ். ஒன்பது வருஷத்தில் மூன்று கடிதம்.

இப்போது வந்திருப்பது அவள் பாடிய இசைத்தட்டு. அவளுடைய முதல் தட்டு. எட்டுப் பாட்டு, எல்லாம் பிரெஞ்சு. அட்டையில் அவள் முகம். தலைமயிரை வெட்டிக்கொண்டுவிட்டாள். நெற்றி மட்டும் அதே நெற்றி, கணக்குப் பரீட்சை நெற்றி.

கடிதம் அட்டைக்குள்ளேயே இருந்தது. பிரெஞ்சை உரக்கப் படித்தேன். நாக்கு மரத்துப்போயிருக்கிறது. முக்கியமானதை இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஐந்தாவது பாட்டு உன்னுடையது, கிணற்றுப் பாட்டு. உன் நோட்டு இன்னும் என்னிடம்தான். நீ முடிக்காமல் விட்ட நாலாம் சரணத்தை நான் எழுதிவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், உன் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயம். ஏப்ரல் கடைசியில் மறுபடி அச்சிடுகிறார்கள். அதில் உன் பெயரைப் போடட்டுமா? முதலில் பாட்டைக் கேள். கேட்டுவிட்டுச் சொல்."

அட்டையின் பின்புறம் பார்த்தேன். ஐந்தாவது: 'கிணறு'. கீழே அவள் பெயர். வேறு பெயர் இல்லை. சரிதான். பாட்டு எழுதியதை நான் வீட்டில் தைரியமாகச் சொல்லியிருந்தால் அல்லவா போடுவதற்கு.

கேட்க வேண்டும். எதில் கேட்பது?

மா. (மாமியாரை இனி இப்படித்தான் எழுதுவேன், முழுசாக எழுதினால் காதில் விழுந்துவிடும்) ரேழியைத் தாண்டி உள்ளே கொண்டுபோக விடவில்லை. "கப்பல்ல எந்தெந்த எச்சக்கை பட்டு வந்திருக்கோ. பெஞ்சு மேலேயே இருக்கட்டும். ராத்திரி சுமந்துண்டு போயி தலைமாட்டுல வச்சுக்கப் போறியா என்ன?"

வைத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 4, வெள்ளி

காற்று இல்லை. புடலங்காய் கசப்பு.

மாலை இவர் ஆபீஸிலிருந்து வந்தார். மராமத்து இலாகாவில் டிராப்ட்ஸ்மன். இந்த நோட்டே இவர் கழித்துப் போட்ட வரைபடங்களின் பின்பக்கம்தான், நான் தைத்துக்கொண்டது. இந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஏதோ பாலத்தின் பாதி இருக்கிறது.

தட்டைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பைப் பிடித்துத்தான் பார்த்தார், விரல் படாமல். "கோடெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றார். "சிநேகிதியா?" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பாட்டு நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பதினேழு வயதில் பிரெஞ்சில் பாட்டு எழுதுவேன் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஒன்பது வருஷம் கழித்துச் சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

கிணற்றுப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்று பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன். இருக்கிறது. ஒரு பெண், வாளி கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறாள். முதல் சரணத்தில் ஒரு சாவி வருகிறது. இரண்டாம் சரணத்தில் ஒற்றைக் கொலுசு. மூன்றாம் சரணத்தில் மரப்பாச்சி. வாளி வரவில்லை. நாலாம் தரம் இறக்குகிறாள். அதோடு நின்றது. அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பஜ்ஜி போடச் சொன்னார்கள்.

பாதாளக் கரண்டிக்குப் பிரெஞ்சில் வார்த்தை அகப்படவில்லை. பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த மதர் 'கொக்கி' என்று போடச் சொன்னார். மரகதத்துக்குக் கோபம். "கொக்கியில சட்டைய மாட்டலாம். இது நாலு பக்கமும் நகம் வச்ச சாமான். அப்படியே தமிழ்லயே போடு, நான் பாடிக் காட்டுறேன்" என்றாள். காரைக்காலில் அவள் வீட்டுக் கிணற்றடி. நான் வரியை எழுதி நீட்டுவேன், அவள் கயிற்றை விட்டுவிட்டுப் பாடுவாள். இப்போது அங்கே கொடி மாறிவிட்டது, போன நவம்பரில். கிணறு இருக்கும்.

அந்தக் குரல் வேண்டும் எனக்கு. வேறு ஒன்றும் பெரிதாக வேண்டாம்.

மார்ச் 5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை ஆரியசாலைக் கடைத்தெரு. வற்றல் மிளகாய், கொத்தமல்லி, பெருங்காயம். பக்கத்துச் சந்தில் கிராமபோன் பழுது பார்ப்பவரிடம் விசாரித்தேன். திருநெல்வேலிக்காரர். தட்டை நான் கொண்டுபோகவில்லை, அட்டையில் போட்டிருந்த எண்ணை மட்டும் சொன்னேன்.

"அம்மா, இது மெதுவாச் சுத்துற தட்டு. முப்பத்திமூணு. நம்ம சாவி குடுக்குற பெட்டியில வச்சியள்னா அந்த ஊசி உழுது போட்டுரும். ஒரு தடவதான், அதோட தீந்துது. கரண்டுல ஓடுற மூணு வேகப் பெட்டி வேணும். இங்கன யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியல."

உழுது போடாமல் தப்பித்தது என்று நிம்மதியாகத் திரும்பினேன். ஒன்றரை மணி. ரேழி பெஞ்சு காலி.

மா. கூடத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த களை.

"நீ ஆசைப்பட்டியே, உள்ள கொண்டு வரலாம்னு தீர்த்தம் தெளிச்சேன். அட்டை நனைஞ்சு போச்சு. உள்ள இருந்த கருப்புத் தட்டும் ஈரமாயிடுத்து. வடாத்தோட காய வச்சிருக்கேன். எடுத்துக்கோ, இனிமே எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்."

முற்றத்துக்கு ஓடினேன். வடாத் துணியில், குடைக்கு வெளியே, நல்ல வெயிலில். மேலே ஒரு வடாம் கூட விழுந்திருந்தது. தட்டு அப்பளம் பொரிந்த மாதிரி விளிம்பெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு விசிறியை நிறுத்தினார். "என்னடி, காயலையா?" என்றார்.

காய்ந்துவிட்டது என்றேன்.

மார்ச் 6, ஞாயிறு

இவர் தட்டை மேஜையில் வைத்துக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். அளவுகோலை நிறுத்தினார். "நடு சரியா இருக்கு. ஓரத்துலதான் அரை அங்குலம் ஏத்தம்."

யார் செய்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மா. அடுக்களையிலிருந்து தானே சொன்னார்: "நான்தான் வெயில்ல வச்சேன். பாட்டுக்கு வெயில் ஆகாதுன்னு எனக்கு யார் சொன்னா?"

ஆபீஸில் சுருண்டுபோன டிரேசிங் துணியை நிமிர்த்துகிற வேலை இவருக்கு அத்துபடி. பழைய மேஜைக் கண்ணாடி இரண்டு எடுத்து வந்தார். துடைத்தார். தட்டை நடுவில் வைத்து, கண்ணாடியை வெதுவெதுப்பாக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும், ஒரு வாரம் அசைக்கக் கூடாது என்றார். என்ன பாரம்? வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அம்மியில் வந்து கண் நின்றது.

மா.வின் அம்மி. அவர் மாமியார் அரைத்த அம்மி. வேறு யாரும் நகர்த்தினதில்லை.

"எடுத்துக்கோ" என்று மா. சொன்னார். பிறகு, "குழவியையும் எடுத்துக்கோ" என்றார்.

மார்ச் 10, வியாழன்

நாலு நாளாகத் துவையல் இல்லை. மா. தினமும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் "எனக்குத் துவையலே பிடிக்கறதில்ல இப்போ" என்கிறார். துவையல் இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷி. இதுதான் மன்னிப்பு. எனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறாரோ என்னவோ. புரிகிறது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை, நாலணா அளவு குறைந்திருக்கிறது.

ஒரு தரம் அம்மியருகில் நின்று, "உள்ள மூச்சு முட்டாதோ அதுக்கு?" என்று கேட்டார். தட்டுக்கு என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

பெட்டி இருக்கிறதா என்று இவர் ஆபீஸில் நாலு பேரிடம் கேட்டாராம். இரண்டு பேரிடம் பெட்டி உண்டு. இரண்டும் சாவிப் பெட்டி.

மார்ச் 13, ஞாயிறு

அம்மி இறங்கியது. கண்ணாடி எடுத்தார். முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் அலை.

மத்தியானம் பருப்புத் துவையல். மா. மூன்று தரம் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒரு கெட்ட கணக்கு தோன்றிவிட்டது. எட்டுப் பாட்டு, பக்கத்துக்கு நாலு. ஐந்தாவது, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. முதல் பாட்டு வெளி ஓரத்தில்தான் தொடங்கும். அலை இருக்கிற இடத்தில்.

இவரிடம் சொன்னேன். "அந்தப் பாட்டுதான் வேணுமா?" என்றார். ஆமாம் என்றேன். "மத்த ஏழும்?" மற்றதும்தான். ஆனால் அது.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தட்டைத் திரும்பக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். அம்மி மறுபடி ஏறியது. மா. தேங்காயைத் துருவலோடு நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 16, புதன்

மழை வரும் போலிருந்து வரவில்லை. வண்ணான் கணக்கில் ஒரு தலையணை உறை குறைகிறது.

இவர் இரண்டு நாள் வித்துராவுக்கு மேலே மலைப் பாதையில் ஒரு பாலத்தின் அளவெடுப்புக்குப் போய்விட்டு வந்தார். காலில் அட்டைப் பூச்சிக் கடி. வந்ததும் முதல் வார்த்தை: "பெட்டி கெடச்சாச்சு."

தேயிலைத் தோட்டத்து டாக்டர். கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் தம்பி பாரசீகத்தில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்து அனுப்பிய மூன்று வேகப் பெட்டி. தேயிலை ஆலை ஓடும்போதுதான் குவார்ட்டர்ஸுக்குக் கரண்டு. சனிக்கிழமை ஆலை உண்டு. "நீயும் வரணும்னு சொன்னார்" என்றார். பிறகு, "நான்தான் சொன்னேன்" என்றார்.

மா.விடம் என்ன சொல்வது? இவரே சொன்னார், மலை பார்த்துவிட்டு வருகிறோம் என்று. மா. "பாட்டுக் கேக்கப் போறேள்னு சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்" என்றார்.

படுக்கும் முன் பெயரைப் பற்றி யோசனை. போட்டால் என்ன ஆகும்? இந்தத் தெருவில் யார் பாரிஸ் தட்டு வாங்கப் போகிறார்கள்? யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் பயம் இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் துக்கமாகவும் இருக்கிறது. இரண்டில் எது நிஜம் என்று தெரியாமல் தூங்கிவிட்டேன்.

மார்ச் 19, சனி

பனி. காலை ஆறு மணி பஸ். எடுத்துப்போனவை: தட்டு (இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், வேஷ்டியில் சுற்றி, இவர் மடியில்), நனைந்து காய்ந்த அட்டை, தயிர் சாதம், எலுமிச்சங்காய் ஊறுகாய், மா. டாக்டருக்குக் கொடுத்தனுப்பிய வடாம் ஒரு பொட்டலம்.

வித்துராவில் பஸ் மாற்றம். அதற்கு மேல் வளைவு வளைவாக. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இவர் தட்டை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "வரணும், வரணும். ரோகி எவிடே?" என்று தட்டைத் தேடினார். கண்ணாடியைப் பிரித்துப் பார்த்தார். "அய்யோ, முதுகு வளஞ்சு போயல்லோ. ஒண்ணு நோக்காம். சாவாதிருந்தா மதி, அது போதும்."

பெட்டி கூடத்தில், துணி போர்த்தி. ஆலையின் எஞ்சின் சத்தம் சுவரில் அதிர்ந்துகொண்டே இருந்தது. முதல் பக்கம் வைத்தார். ஊசி ஏறி இறங்கி, முதல் பாட்டில் பாதியை விழுங்கிவிட்டு, பிறகு ஓடியது.

மரகதம்.

குரல் தடித்துவிட்டது. கீழே இறங்கியிருக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று பின்னால். தட்டின் வளைவுக்குக் குரல் ஏறி இறங்கியது. "கமகமா இது?" என்றார் இவர். "அல்ல, எங்க எஞ்சின்" என்றார் டாக்டர். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மூச்சு எடுப்பது அதே மூச்சு. வரி முடிவதற்கு முன்னால் திருட்டுத்தனமாக ஒன்று எடுப்பாள், மதர் திட்டுவார். இன்னும் எடுக்கிறாள்.

நாலு பாட்டு. திருப்பினார்.

ஐந்தாவது. ஊசி வைத்ததும் எகிறியது. ஆறாவது பாட்டில் போய் விழுந்தது. மறுபடி வைத்தார். எகிறியது. இவர் எழுந்து பக்கத்தில் போய் நின்றார். டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சக்கரக் காசு எடுத்தார், இப்போது செல்லாத காசு. ஊசிக் கையின் தலையில் வைத்தார். "இப்போ இதுக்கு இந்த ஜோலி மாத்திரம் உண்டு."

வைத்தார். கரகர. ஒரு வார்த்தை. தாவல். சாவி வந்ததா, கொலுசு வந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. என் மூன்று சரணமும் அந்த ஒரு விரல் அகல அலையில் போய்விட்டது. அலை முடிந்த இடத்தில் ஊசி பிடித்துக்கொண்டது.

நாலாம் சரணம். நான் எழுதாதது.

நாலாம் தரம் இறக்குகிறாள். வாளியைக் காணோம். கயிறு கனக்கிறது, வர மாட்டேன் என்கிறது. எட்டிப் பார்க்கிறாள். கீழே தண்ணீரில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் இழுக்கவில்லை, அவளும் இழுக்கவில்லை, இரண்டு பேரும் விடவும் இல்லை. அந்தப் பிரெஞ்சுக்கு நடுவே, நிறுத்தி, தெளிவாக, காரைக்கால் தமிழில்: பாதாளக் கரண்டி. இரண்டு தரம்.

இவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அழுதேன். டாக்டர் எஞ்சின் பார்க்கப் போவதுபோல் வெளியே போய்விட்டார். எஞ்சின் அவர் வேலை இல்லை.

திரும்பி வந்து டாக்டர் அந்தச் சரணத்தை ஐந்து தரம் வைத்துக் காட்டினார், பிறகு ஆலையில் சங்கு ஊதியது, கரண்டு நின்றது.

மார்ச் 20, ஞாயிறு

உடம்பு வலி. எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் பாத்திரத்தை டாக்டர் வீட்டில் விட்டுவிட்டோம்.

நேற்று இறங்குகிற பஸ்ஸில் நடந்ததை எழுத வேண்டும்.

வித்துராச் சந்தையில் பஸ் நின்றபோது இவர், "முன்னாடி இருந்ததை ஊசி தாண்டிடுத்தே, அதுல என்ன இருந்தது?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"உனக்குத் தெரியுமோன்னுதான்."

தெரியும், நான்தான் எழுதினேன் என்றேன். வாழைக்குலை ஏற்றுகிற சத்தத்தில் சொன்னேன். கேட்காவிட்டால் கேட்காமல் போகட்டும் என்றுதான்.

கேட்டுவிட்டது. "சொல்லு" என்றார். முதலில் பிரெஞ்சில் சொன்னேன். பிறகு தமிழில். சாவி, கொலுசு, மரப்பாச்சி. ஊசி தாண்டிய இடத்தையெல்லாம் நான் நிரப்பினேன். நெடுமங்காடு வந்துவிட்டது. கடிதத்தில் மரகதம் கேட்டிருப்பதையும் சொன்னேன்.

"அட்டையைக் காட்டு." காட்டினேன். ஐந்தாவது பாட்டின் கீழே விரல் வைத்தார். "நான் போடற படத்துக்கெல்லாம் இன்ஜினீயர் கையெழுத்து. மூலையில எறும்பு மாதிரி என் எழுத்து இருக்கும், வரைஞ்சவன்னு. யாரும் பார்க்க மாட்டா. நான் பார்ப்பேன்."

போடு என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. எனக்கு மறுபடி கோபம் வந்தது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. வீட்டுக்கு வந்து சாதம் வடித்தேன்.

மா. கேட்டார், "பாடித்தா?"

"பாடித்து."

"முழுசும்?"

"முழுசும்" என்றேன். பொய் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 22, செவ்வாய்

மேகம் கூடி, வெளுத்துவிட்டது. கடைசி ஈடு வடாம். வண்ணான் தலையணை உறையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

காலை மரகதத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்துப் பிரெஞ்சு. 'கேட்டேன்' என்று ஒரு வரி. நாலாம் சரணத்தில் ஒரு எழுத்தைக் கூட மாற்றாதே என்று இரண்டாம் வரி. பெயர் விஷயத்தில் பேனா நின்றது. 'போடு' என்று எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். மை காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

உறை எடுக்க இவர் மேஜைக்குப் போனேன். ஆபீஸுக்குப் போய்விட்டார். பலகையில் ஒரு துண்டு டிரேசிங் காகிதம், நாலு மூலையிலும் குண்டூசி. மேலேயும் கீழேயும் மெல்லிய பென்சில் கோடு, நடுவில் கறுப்பு மையில் ஆங்கில எழுத்தில் என் பெயர். ஜானகி. பாரிஸ் அச்சுக்காரன் தப்பாகப் போடாமலிருக்க, ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவில். பாலங்களுக்குப் போடுகிற எழுத்து. முன்னால் ஒரே ஒரு எழுத்துக்கு இடம் விட்டிருந்தார். என் அப்பா பெயரின் எழுத்தா, அவர் பெயரின் எழுத்தா, எதுவும் வேண்டாமா, எழுதவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

பின்னால் மா. வந்து நின்றார். கையில் வடாத் துணி.

"அதைத் தொடாதே, மை ஈரம். உன் ஆத்துக்காரன் போறச்சே ரெண்டு தரம் சொல்லிட்டுப் போனான், அம்மா, இதை மட்டும் வெயில்ல வச்சுடாதேன்னு."